நீ எந்த ஊர் வெள்ளாமை, அக்கா?

என் உயிரே, என் வயிற்றெரிச்சலே, மாதம்மா அக்காவே,

நலமா என்று கேட்டால் நீ சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ போய் வருஷம் திரும்பப்போகிறது. மத்திகிரி கூட்ரோட்டில் நம் கடைக்கு முன்னால் உனக்கு ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த உன் மூஞ்சியைப் பெரிதாக்கி, நீ ஜென்மத்தில் கட்டாத ஊதாப் பட்டுப்புடவையை அதற்குக் கட்டிவிட்டு, பின்னால் ஒரு அருவியையும் கொட்டவிட்டிருக்கிறான் ஃபிளெக்ஸ் கடைக்காரன். நம் ஊரில் அருவியை எங்கே கண்டான் அவன்?

"கீழ ரெண்டு வரி எழுதிக் குடுங்கக்கா, கண்ணீர் அஞ்சலி மாதிரி" என்றான். உன்னோடு அத்தனை வருஷம் ஒரே அடுப்பங்கரையில் முட்டிக்கொண்டு நின்றவளிடம் ரெண்டு வரி கேட்கிறான் பார். ரெண்டு வரி எனக்கு எந்த மூலைக்கு? அதனால் இதை எழுதுகிறேன். கடைச் சுவரில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். இதை யார் எழுதுவது என்பதிலேயே ஒரு பெரிய சண்டை நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படிக்கிறவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டுமே. அண்ணன் தம்பிகளுக்கு வாழ்க்கைப்பட்டு, பாறைக்கொட்டாயில் ஒரே வீட்டுக்கு மருமகளாக வந்த ஓரகத்திகள் நாம். நீ மூத்தவள், நான் இளையவள். நீ பள்ளிக்கூடமே போகாமல் மூன்று பாஷை பேசுவாய். நான் பன்னிரண்டாவது முடித்து, கம்பெனி லைனில் நின்று வேலை பார்த்து, தமிழைத் தவிர ஒன்றும் வராமல் வந்து சேர்ந்தவள். பொறாமை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது?

வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக்காரர், மாமா, இப்போது அவரே களி கிண்டுகிறார். கட்டி கட்டியாக வருகிறது. "மாதம்மா கிண்டுன மாதிரியே கீது" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார், நாங்கள் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. உன் மகன் போச்சம்பள்ளியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்திருக்கிறான். லீவில் வந்தால் உன் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு மத்தியானம் வரை தூங்குகிறான். செவலை மாடு கன்று போட்டது, கிடாரி.

கடை நன்றாக நடக்கிறது. அதுதான் எனக்கு எரிகிறது. பெயின்ட் அடித்த போர்டில் 'பாறைக்கொட்டாய் எர்ரப்பள்ளி உழவர் கடை' என்று தமிழிலும் தெலுங்கிலும் எழுதித்தான் இருக்கிறது. எவன் படிக்கிறான்? ஆட்டோக்காரனுக்கு அது மாதம்மா கடை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களுக்கு மாதம்மா கடை. நான் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும்போதே வந்து, "அந்தக்கா இல்லீங்களா?" என்று என்னிடமே கேட்கிறார்கள். "இல்லம்மா, நான்தான் இருக்கேன், என்னா வேணும்?" என்றால் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அதைப் பார்க்கும்போது, செத்தும் இவள் என்னை உட்காரவிட மாட்டாளா என்று இருக்கிறது.

ஆனால் உன்மேல் இருப்பது பழைய பொறாமை, பழகிப்போய்விட்டது. நாகரத்னாமேல் இருப்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

நமக்கும் எர்ரப்பள்ளிக்கும் நடுவில் ஒரு ஏரி. அதில் தண்ணீர் இருந்தால் மீனுக்குச் சண்டை, வற்றினால் வண்டலுக்குச் சண்டை. அவர்கள் வீட்டில் தெலுங்கு, நம் வீட்டில் தமிழ், சண்டை மட்டும் இரண்டு பாஷையிலும் நடக்கும். அவர்கள் பக்கம் கிணறு இருந்தது. தக்காளி, கொத்தமல்லி, கீரை, எருமைத் தயிர் என்று பச்சையாக இருப்பார்கள். நம் பக்கம் மேட்டுக்காடு, வானம் பார்த்த பூமி. ராகி, கொள்ளு, மார்கழியில் அவரை. மண்டியில் விலை விழுந்தால் அவர்கள் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவார்கள். அதைப் பார்த்து நம் ஊரில் சிரித்தார்கள், நானும் சிரித்திருக்கிறேன். நம் ராகியை வியாபாரி வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்டபோது அவர்கள் சிரித்தார்கள்.

கூட்ரோட்டைச் சுற்றி வாடகை வீடுகளில் கம்பெனி ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், ஒடிசாப் பையன்கள். எங்கேயோ விளைந்து, எத்தனையோ லாரி மாறி வந்த வாடின காயை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். இங்கே நம் காய் ரோட்டோரம் கிடந்தது. இது கண்ணில் பட்டது உனக்கு ஒருத்திக்குத்தான். ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் ஏரிக்கரை மேலேயே நடந்து எர்ரப்பள்ளிக்குப் போனாய். திரும்பி வரும்போது உன் மடியில் தக்காளி இருந்தது, வாயில் நாகரத்னா பேர் இருந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பேர் என் காதை விட்டுப் போகவில்லை.

கடை போட்ட புதிதில் நடந்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். நம் கமலா, "அந்தப் பக்கம் போகாதீங்க, எல்லாம் மருந்தடிச்ச தக்காளி" என்பாள். அவர்கள், "அந்த ராகில கல்லு, பல்லு போயிரும்" என்பார்கள். வந்தவர்கள் இரண்டையும் நம்பி, இரண்டையும் வாங்காமல் போனார்கள். அப்போதுதான் நீ உலகத்தில் எவரும் வைக்காத ஒரு சட்டத்தை வைத்தாய்.

"அவங்கவங்க ஊரு வெள்ளாமய அவங்கவங்க விக்கக் கூடாது. அவங்களுத நாம விப்போம். நம்முளுத அவங்க விக்கட்டும். ஊரான் ஊட்டுப் புள்ள கையில இருந்தா எவ்ளோ பதனமா வெச்சிருப்போம், அப்பிடி."

எல்லோரும் உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள், நான்தான் முதலில் சொன்னேன். ஆனால் வேலை செய்தது. எர்ரப்பள்ளிக்காரிக்கு நம் அவரையின் குறை தெரியாது, நிறைதான் தெரியும். அவள் எடுத்து முகர்ந்து, "அம்மாடி, இந்த வாசனைய பாருங்க" என்று வாங்குகிறவர் மூக்கருகே நீட்டினால், அதை மொச்சை என்று சொல்லிக்கொண்டு வந்த திருநெல்வேலிப் பெண்கூட வாங்கிப் போவாள். அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பை எப்படிக் குழம்பு வைப்பது என்று நாகரத்னாதான் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். நம் அவரைக்கு, நம் குழம்புக்கு, அவள் வாயால் பேர்.

நானோ? அவள் தக்காளியை விற்க வேண்டும். தினமும். புகழ்ந்து விற்க வேண்டும். இதைவிடப் பெரிய தண்டனையை நீ எனக்குக் கொடுத்திருக்க முடியுமா?

அது போதாதென்று வீட்டுக்கு வந்தால் நீ. "நாகரத்னாவ பாருடி, எவ்ளோ பொறுமை." "நாகரத்னா கை பட்டா தயிரு கத்தியில வெட்டணும்." "நாகரத்னா மாதிரி ஒரு வார்த்த சிரிச்சுப் பேசுனா உனக்கு என்னா கொறஞ்சு போவுது?" சாணி தட்டும்போது நாகரத்னா, துணி துவைக்கும்போது நாகரத்னா. என்னை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நல்லா செஞ்சடி சுகுணா' என்று சொல்லியிருப்பாயா? யோசித்துப் பார்த்துவிட்டேன் அக்கா. எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

கடைசியில் அந்த நோவு. டாக்டர் என்ன சொன்னார் என்பது எனக்கும் மாமாவுக்கும் தெரியும் முன்னால் நாகரத்னாவுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் பதறி அழுதபோது அவள் அழாமல் நின்றாள். முன்னமே அழுது முடித்தவளின் முகம் அது. பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த என்னை விட்டுவிட்டு ஏரி தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கிறாய். ஏன் அக்கா?

சரி, இந்த மார்கழிக் கதைக்கு வருகிறேன். அவரை நன்றாக விளைந்தது. பனியும் சரியாக இறங்கியது, காயைத் தொட்டால் கையில் பிசுக்கென்று அந்த வாசனை. அந்த நேரம் பார்த்து நாகரத்னா தன் மகளின் பிரசவத்துக்கென்று மாலூர் போய்விட்டாள். நம் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கமலாதான் ஆரம்பித்தாள்.

"ஏன் சுகுணா, நம்ம அவரைய அவளுங்க வித்து அவளுங்க பேர் வாங்கிக்கிறாளுங்க. மாதம்மாவும் இல்ல, நாகரத்னாவும் ஊர்ல இல்ல. நம்முளுத நாமளே வித்தா இன்னா?"

எனக்குக் கசக்குமா? "அதான் சரி" என்றேன். நீ போட்ட சட்டத்தை உன் முதல் வருஷம் முடிவதற்குள் எடுத்துவிட்டேன். உள்ளுக்குள் ஒரே குஷி. இனிமேல் நம் அவரை என் வாயால் விலைபோகும், என் பேர் நிற்கும் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு இருந்ததிலேயே நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

என்ன ஆனது தெரியுமா? வாயே வரவில்லை. நானே விதைத்து, நானே களை எடுத்து, நானே பறித்ததை நானே எப்படிப் புகழ்வது? நாக்கு கூசியது. புகழவும் முடியவில்லை, யாராவது குறை சொன்னால் தாங்கவும் முடியவில்லை. ஒரு ஆள் வந்து ஒரு பிடி அள்ளி, திரும்பக் கொட்டி, "சின்னதா இருக்கே" என்றார். அவ்வளவுதான். "சின்னதா இருக்குதா? மழய நம்பி வெளஞ்சதுங்க இது. உங்க ஊட்டுக் கொழாய்லயா தண்ணி புடிச்சி ஊத்துனேன்?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்களும் சேர்ந்து நகர்ந்து போனார்கள்.

அந்தப் பக்கம் கமலா தன் குவியலைக் காட்டி, "அவளுத விட எங்களுது முத்தல் இல்லாம இருக்கும்" என்று என்னுடையதையே மட்டம் தட்டினாள். எர்ரப்பள்ளிப் பெண்களும் வேறு வழியில்லாமல் தங்கள் தக்காளிக்குத் தாங்களே கூவி, ஒருத்தியை ஒருத்தி கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு ஊர் போய், ஆளுக்கொரு ஊராக உட்கார்ந்திருந்தோம். நீ பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

இந்த லட்சணத்தில் இருக்கும்போதுதான் கம்பெனி கேன்டீன் கான்ட்ராக்ட் எடுத்த ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, நிதானமான பேச்சு. என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க ஊரு அவரையும் ராகியும் எங்க கேன்டீனுக்கு முழுசா எடுத்துக்கறேன். நீங்கதான் பொறுப்பு, உங்க பேர்லயே போட்டுக்கலாம். இந்தக் கடையெல்லாம் எதுக்குமா வெயில்ல? அவங்க தக்காளி எனக்கு வேணாம். வேற எடத்துல பேசி வெச்சிருக்கேன்."

அக்கா, உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு இனித்தது. என் பேரில்! மாதம்மா கடை இருக்காது, நாகரத்னா இருக்க மாட்டாள், சுகுணா இருப்பாள். அவர்கள் தக்காளி திரும்பவும் மண்டிக்குப் போகும், விலை விழுந்தால் திரும்பவும் ரோட்டோரம் கொட்டும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் இனித்தது. 'சரிங்க' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். போகிறபோக்கில், "அவங்க தக்காளி எப்பிடியும் ரெண்டு நாள் தாங்காது, இல்லீங்களா?" என்றார்.

"யாரு சொன்னது உங்களுக்கு?" என்று கேட்டது என் வாய். நான் சத்தியமாகக் கேட்கவில்லை, என் வாய்தான் கேட்டது. "தோலு பாருங்க எவ்ளோ கெட்டி. அமுக்கிப் பாருங்க. வாரம் வெச்சிருந்தாலும் கொழகொழன்னு ஆவாது. புளிப்பு அளவா இருக்கும், ரசத்துக்கு தனியா புளியே வேணாம். காலைல பறிச்சது காலைலயே வந்துரும், லாரி ஏறுன தக்காளி மாதிரி அடி வாங்குனது ஒண்ணியும் இருக்காது. இத உட்டுட்டு எங்கியோ போய் வாங்கறேன்றீங்களே!"

அவர் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தார். நான் இன்னொன்றைப் பிட்டு அவர் கையில் கொடுத்தேன். நிறுத்த முடியவில்லை, அக்கா. எத்தனை வருஷப் பழக்கம் அது! எனக்குள் இருந்த பொறாமைக்காரி மூலையில் நின்று, 'அடிப்பாவி, வாயை மூடு' என்று கதறிக்கொண்டிருந்தாள். நான் மூடவே இல்லை. கடைசியில் அவர் சிரித்துவிட்டு, "சரிம்மா, தக்காளியும் சேத்து அனுப்புங்க. ரெண்டு ஊரு பேர்லயும் போட்டுக்கலாம்" என்றார். "கடையும் இருக்கும்ங்க" என்றேன். அதையும் அந்த வாய்தான் சொன்னது.

இப்போது கேள். அவரைப் பருவம் முடிந்துவிட்டது, ராகி எப்போதாவது போகிறது. தக்காளி மட்டும் நாள் தவறாமல் கேன்டீனுக்குப் போகிறது. நான் வாங்கிக்கொடுத்த இடத்தில் நாகரத்னா ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் மாலூரிலிருந்து திரும்பியதும் தயிர்ச் சட்டியோடு நம் வீட்டுக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள், கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று நான் முறத்தோடு உட்கார்ந்துகொண்டேன். அவள் வந்த வேகத்தில் சட்டியை டொம்மென்று வைத்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"மாதம்மா சொன்னது நெஜமாப் போச்சு. எனக்கு அதான் ஆறல."

"இன்னா சொன்னா?"

"இன்னா சொல்லல? சுகுணா வாயத் தொறந்தா காஞ்ச கட்டையும் வெல போவும். சுகுணாவ பாரு. சுகுணா படிச்சவ, ஒரு தடவ கேட்டா மறக்க மாட்டா. சுகுணா மாதிரி மனசுல ஒண்ணு வெச்சிக்காத மூஞ்சிக்கு நேரா பேசறவ கெடைக்க மாட்டா. எல்லாத்துக்கும் சுகுணா! எங்க ஊட்டுக்கு வந்து, என் தயிர ஊத்தி சாப்ட்டுக்கினு, உன் பாட்டு பாடுவா. உன்ன பாத்தாலே எனக்கு ஆவாது, தெரியுமா? இப்ப என் தக்காளியவே நீ போய் பேசி, அவ சொன்னத நெஜமாக்கி வெச்சிருக்கே."

முறத்தைக் கீழே வைத்தேன். பிறகு, "என்கிட்ட அவ உன் பாட்டுதான் பாடுனா" என்றேன். அவள் நம்பவில்லை. "லேது, நீ பொய் சொல்றே" என்றாள். அவள் தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்று நீ புகழ்ந்ததைச் சொன்னேன். சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பிடியா சொன்னா? எப்பிடி சொன்னா? அதே மாதிரி சொல்லு" என்றாள்.

நானும் சும்மா விடவில்லை. "நீ ஒண்ணு சொல்லு, அப்பறம் நான் ஒண்ணு சொல்றேன்" என்றேன். அன்றைக்கு மத்தியானம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் உன்னைப் பண்டமாற்று பண்ணிக்கொண்டிருந்தோம். அவளிடம் நீ சொன்ன என்னை அவள் எனக்குக் கொடுத்தாள், என்னிடம் நீ சொன்ன அவளை நான் அவளுக்குக் கொடுத்தேன். என் பங்கு சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று பயந்து ஒன்றிரண்டை ஒளித்துக்கூட வைத்தேன். அவளும் வைத்திருப்பாள், கள்ளி.

கடையில் போட்ட சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டாயா, அக்கா? தன் வீட்டுக்காரியைத் தானே புகழக் கூடாது என்றா? ஒரு வார்த்தை என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன கெட்டா போயிருப்பேன்? நீ என்னைப் புகழ்ந்ததை அவள் தன் காதால் கேட்டிருக்கிறாள். எனக்குக் கிடைத்தது அவள் வாய் வழியாக, ஒரு கை மாறி வந்தது. அதற்கும் சேர்த்து அவள்மேல் பொறாமையாக இருக்கிறது.

அவள் கிளம்பும்போது கேட்டுவிட்டேன். "நோவ மட்டும் ஏன் உன்கிட்ட சொன்னா? என்கிட்ட ஏன் சொல்லல?"

நாகரத்னா காலிச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அது எனக்கு. அத மட்டும் கேக்காத" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவள் ஏரிக்கரையில் சின்னதாகிப் போகும்வரை வாசலில் நின்று பார்த்தேன். அவளிடம் உன்னுடையது ஏதோ ஒன்று இருக்கிறது, அது எனக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இனி அந்த ஃபிளெக்ஸ் சண்டை. கடையில் எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். உன் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தாயிற்று, அதற்குக் கைதூக்கிய முதல் ஆள் கமலா, நம்புவாயா? அவளேதான், "சுகுணா எழுதட்டும், ஒரே ஊட்டுக்காரி" என்றாள். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். நாகரத்னா மட்டும் கையை நீட்டினாள்.

"இருங்க. சட்டம் இன்னா? அவங்கவங்க ஊரு வெள்ளாமய அவங்கவங்க பேசக் கூடாது. மாதம்மா யாரு ஊரு?"

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ. எழுந்தே நின்றுவிட்டேன். "இதென்ன கேள்வி? எங்க ஊரு! பாறைக்கொட்டாய்! எங்கூட்டு மருமக! எங்க ஊரு மண்ணுலதான் பொதச்சோம்!"

"சரி, உங்க ஊருதான்" என்றாள் நாகரத்னா, சாவகாசமாக. "அப்ப நாந்தான் எழுதணும். தெலுகுல எழுதறேன், யாராவது தமிழ்ல போட்டுக் குடுங்க."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாட்டிக்கொண்டேன். நீ போட்ட சட்டம், நானே கைதூக்கித் திரும்பக் கொண்டுவந்த சட்டம். நீ எங்கள் ஊர் என்றால் உன்னைப் பற்றி நான் ஒரு எழுத்து எழுத முடியாது. எழுத வேண்டுமென்றால் நீ எங்கள் ஊர் இல்லை என்று நானே என் வாயால் சொல்ல வேண்டும். தக்காளிக் கூடைமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒரு வருஷமாக உன்னிடம் சொல்ல எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறேன், அதையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்?

"அவ உங்க ஊரு" என்றேன்.

"கேக்கல."

"மாதம்மா எர்ரப்பள்ளி! போதுமா? நான் எழுதறேன்!"

நாகரத்னா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, சத்தம் போட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள். "மா ஊரு, மா ஊரு" என்று, எங்கள் ஊர் என்பதையே தெலுங்கில் சொல்லிச் சொல்லி அழுதாள். பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். போய் அவள் தலையைத் தொடலாமா வேண்டாமா என்று நின்று, கடைசியில் தொட்டேன்.

ஆக, இந்தக் கடிதம் என் கையெழுத்தில் இருக்கிறதென்றால் நான் உன்னை விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று அர்த்தம். உன்னோடு பேசுவதற்காக உன்னையே கொடுத்துவிட்டேன். ஃபிளெக்ஸிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது: 'எர்ரப்பள்ளி மாதம்மா.' நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு என்னை என்னென்ன கேட்கப்போகிறார்களோ. எனக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எரியட்டும்.

ஒன்று மட்டும் நாகரத்னாவிடம் கறாராகப் பேசிவிட்டேன். இது ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த நினைவு நாளுக்கு நீ பாறைக்கொட்டாய்க்குத் திரும்பி வந்துவிடுவாய், அவள் எழுதிக்கொள்ளட்டும். அவள் தெலுங்கில் எழுதுவதைப் படிக்க எனக்கு வராதே என்று இப்போதே அவள் மருமகளிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்கிறேன். அந்த நோவைப் பற்றி அதில் ஏதாவது எழுதினாலும் எழுதுவாள். அதுவரை உன் சட்டத்தை யார் கேட்டாலும் எடுக்க விடமாட்டேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. நாளைக்குக் காலையிலும் கூட்ரோட்டில் நின்று, வயிற்றெரிச்சலோடு, அவள் தக்காளியைத் தேனே பாலே என்று விற்றுக்கொண்டிருப்பேன்.

எர்ரப்பள்ளி மாதம்மாவின் ஓரகத்தி,
பாறைக்கொட்டாய் சுகுணா